பொழுது தெரிஞ்ச சாமந்தி

உட்காருங்க தம்பி. அந்தச் சாக்கு மேலயே உட்காருங்க. உரம் இல்ல, வெறும் தேங்காநார்த் தூளுதான், பேண்ட்டுல ஒட்டாது. மேகலா கொடைக்கானலுக்குப் போயிருக்கா, வர்றதுக்குச் சாயந்தரம் ஆகும்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ரோட்டுல வெள்ளைக் காரை விட்டு இறங்குனப்பவே தெரிஞ்சு போச்சு. அவ பங்கை விலைக்குக் கேக்க வந்திருக்கீங்க. காட்டேஜ் கட்டவா? சரி, எதுக்கோ. எங்க ஊருத் தலைவரு கோவிந்தராசு சொல்லி அனுப்பியிருப்பாரு, அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போகப் போகுது, சல்லிசா முடிச்சுரலாம்னு. அப்படித்தானே? நீங்க தலையாட்ட வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது.

டீ கொண்டாறச் சொல்றேன், குடிங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க. அவளுக்காகச் சொல்றேன்னு நினைச்சுக்கிறாதீங்க. எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஊருக்கே தெரியும்.

என் பேரு தங்கப்பொண்ணு. வாய்க்கால்கிட்ட குனிஞ்சு நிக்கிறாரே, அவரு என் வீட்டுக்காரரு பாலுச்சாமி. அவரா வந்து உங்ககிட்டப் பேசமாட்டாரு. கட்டிக்கிட்ட நாள்லருந்து அப்படித்தான். வீட்டுல பேசுறதுக்கு ஒரு ஆளு வேணுமேன்னு அதையும் நானே பாத்துக்கிறேன். அவரு தம்பி சுந்தரபாண்டி. ஜீப்பு ஓட்டுனவன். மழையில மண்ணு சரிஞ்ச எடத்துல வண்டி உருண்டு போயிட்டான். நல்ல பையன். அவன் பொண்டாட்டிதான் மேகலா. எனக்கு ஓரகத்தி.

இந்தப் பாலிஹவுஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து போட்டது. கம்பி நட்டு, மேல பிளாஸ்டிக் தாளு இழுத்துக் கட்டி, சாமந்தி வச்சோம். தலையில வைக்கிற சாமந்தி இல்ல தம்பி, நீளக் காம்போட வெட்டி, கல்யாண மேடைக்கும் பொக்கேக்கும் அனுப்புறது. சுந்தரபாண்டி போனப்புறம் பாதி பாதியாப் பிரிச்சோம். வீட்டைப் பிரிச்சா நடுவுல சுவரு வைக்கலாம். இதுல என்ன வைக்கிறது? நடுவுல ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டோம், அதுதான் எல்லை. இந்தப் பக்கம் என்னுது, அந்தப் பக்கம் அவளுது. ரோட்டுலருந்து வர்ற பாதை என் பக்கத்துல.

நான் நியாயத்தச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்ல. பெரியகுளத்துல ஆத்தா வீடு இருக்கு. செடி கொடியப் பத்தியே காலேஜுல பெரிய படிப்பு படிச்சவ, எங்க போனாலும் வாத்தியார் வேலை கிடைக்கும். இந்தக் குளிருக்குள்ள, இந்த மலையில, அவளுக்கு என்ன இருக்கு? பாதியை எங்ககிட்டக் குடுத்துட்டுப் போனா அவளுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. நான் இத ஒளிச்சு மறைச்சுச் சொல்லல, அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "இது அவரு நட்ட கம்பி, அக்கா. நான் எங்கயும் போகல." அவ்வளவுதான். மறுநாளு மம்பட்டியத் தூக்கிட்டு வந்துட்டா.

அந்த வருசம் நான் லைட்டுப் போட்டேன். ஓசூருப் பக்கத்துலருந்து ஒரு ஆளு வந்தான். ராத்திரி கொஞ்ச நேரம் பல்பு எரியவிட்டா சாமந்தி சீக்கிரம் மொக்கு விடாது, அது பாட்டுக்கு உசரமா வளரும், நீளக் காம்புக்கு நல்ல கிராக்கின்னான். வளந்தப்புறம் லைட்ட அணைச்சா மொக்கு வச்சிரும்னான். நல்ல யோசனைதான். ஆனா அவன் சொன்னது கொஞ்ச நேரம். நான் யோசிச்சேன், கொஞ்ச நேரம் போட்டா கொஞ்சம் வளரும், விடிய விடியப் போட்டா? பிள்ளைக்கு ஒரு இட்லி வைக்கிறதுக்கும் நாலு இட்லி வைக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா? விடிய விடியப் போட்டேன். நாள் கணக்கா, நிறுத்தவே இல்ல. ரோட்டுல போற பஸ்ஸுக்காரன் எல்லாம் கேட்டான், என்னக்கா உங்க காட்டுல தெனமும் திருவிழாவான்னு.

செடியும் வளந்துச்சு தம்பி. பொய் சொல்லக்கூடாது, என் இடுப்புக்கு மேல வளந்துச்சு. பச்சைன்னா பச்சை, வாழைக் குருத்து மாதிரி. பக்கத்துல அவளுது குட்டையா, கருகருன்னு, இலை எல்லாம் தடிச்சுப் போயி நிக்குது. ஒரே வண்டியில வந்த நாத்து, ஒரே நாள்ல நட்டது. நான் போறவங்க வர்றவங்களக் கூப்பிட்டுக் காட்டுனேன். காட்டக்கூடாதா? நம்ம பிள்ளை நல்லா இருந்தா காட்டமாட்டோமா?

ஒரு நாளு அவ வந்து, "அக்கா, லைட்ட ராத்திரி முழுக்கப் போடாதீங்க. உங்க செடிக்கும் நல்லதில்ல, வெளிச்சம் என் பக்கமும் வருது"ன்னா. என் கரண்டு, என் பல்பு, உனக்கு ஓசியில வெளிச்சம் வருது, வாங்கிக்கன்னேன். அவ சிரிக்கல. அவளுக்குச் சிரிக்கிற வழக்கம் கம்மி.

அப்புறம் ஒரு தடவை வெவரமாச் சொன்னா. நான் கேக்கல, அவளா வந்து சொன்னா. செடிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்காம். நம்ம முழிச்சு, பசிச்சு, தூங்குற மாதிரி அதுக்கும் பொழுது தெரியுமாம். எப்ப விடியும், எப்ப இருட்டும்னு பாக்காமலே தெரிஞ்சு, அந்தந்த நேரத்துக்கு அந்தந்த வேலையச் செய்யுமாம். குளிரும் அப்படித்தானாம். பகப்பொழுது சாயுற நேரத்துல கொஞ்சம் குளிர் பட்டா, சரி, பனிக்காலம் வருதுன்னு எடுத்துக்கிட்டு, பனியத் தாங்குறதுக்கு உள்ளுக்குள்ள என்னென்னமோ தயார் பண்ணுமாம். அதே குளிரு நேரங்கெட்ட நேரத்துல பட்டா அவ்வளவா காதுல வாங்காதாம். பொழுது குறுகக் குறுக இன்னும் உசாராகுமாம். "நீங்க ராவையே இல்லாம பண்ணிட்டீங்கக்கா. உங்க செடிக்குப் பொழுது தெரியல. அது இன்னும் சித்திரை மாசம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளைப் பனி விழுந்தா செத்துரும்."

செத்துரும்னு சொல்றா தம்பி, என் செடியப் பாத்து. நாக்குல என்ன வெசம். அவ போனப்புறம் நான் ஒரு தண்ட ஒடிச்சுப் பாத்தேன். சும்மாதான். உள்ள பச்சையா தண்ணிதான் இருந்துச்சு, கடிகாரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் அவ ரெண்டு காரியம் பண்ணுனா. ஒண்ணு, மத்தியானம் சாஞ்சு மேகம் எறங்குற நேரத்துல, அவ பக்கத்து வெளிச் சைடுல இருக்கிற தாளச் சுருட்டி மேல கட்டிருவா. அந்தச் சில்லுக் காத்து நேரா செடி மேல அடிக்கும். இருட்டுறதுக்கு முன்னாடி எறக்கி விட்டுருவா. தெனமும். பிள்ளைய சட்டையக் கழட்டிட்டு வாசல்ல நிறுத்துற மாதிரி இருந்துச்சு எனக்கு. கேட்டா, பழக்குறேன்கிறா.

ரெண்டாவதுதான் பெருசு. நடுவுல இருந்த வெள்ளைத் தாள எடுத்துட்டு, கன்னங்கரேல்னு ஒரு படுதாவ மேலருந்து கீழ வரைக்கும் இழுத்துக் கட்டுனா. என் வெளிச்சம் அவ பக்கம் போகக்கூடாதாம்.

யோசிச்சுப் பாருங்க. நான் என் பக்கம் நின்னு திரும்புனா கறுப்பு. எந்நேரமும் கறுப்பு. மங்கல காரியத்துக்குப் போற பூவு வளர்ற எடத்துல, புருசன் செத்த வீட்டுல கட்டுற மாதிரி. எனக்கு அன்னைக்கு ஒரு வாய் சோறு எறங்கல. என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், அவரு போயி படுதாவத் தொட்டுப் பாத்துட்டு, நல்ல கெட்டித் துணின்னாரு. அவருகிட்டச் சொல்லி என்ன பண்றது?

ஆனா நான் ஊருல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல தம்பி. அது என் வழக்கமில்ல. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறப்ப ரெண்டு வார்த்தை. பூண்டு ஆயுற எடத்துல நாலு பொம்பளைங்க கேட்டாங்க, ஏன் முகம் வாடியிருக்குன்னு, அதுக்குப் பதில் சொன்னேன். கோவில்ல கோவிந்தராசு பொண்டாட்டி தானா வந்து பேச்சுக் குடுத்தா. நான் சொன்னதெல்லாம், கறுப்பக் கட்டியிருக்கா, என் செடி செத்துரும்னு வாயால சொன்னா, என்ன நினைப்புல செய்யுறாளோன்னு. இவ்வளவுதான். நடந்ததத்தானே சொன்னேன்?

மார்கழி முடியப் போற நேரம், பகல்ல ஒரு சூறாவளிக் காத்து அடிச்சு மேல போட்டிருந்த தாளு கிழிஞ்சு போச்சு. என் பக்கம் அவ பக்கம்னு இல்ல, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் வானம் தெரியுது. தாளு வாங்கிட்டு வந்து ஆளு வச்சுத்தான் மாட்டணும். இவரு போன் பண்ணுனாரு, ரெண்டு நாளு ஆகும்னாங்க. அதுக்குள்ள வானம் தெளிஞ்சிருச்சு. மேகம் இல்லாம, காத்து இல்லாம, கண்ணாடி மாதிரி. மலைக்காரங்களுக்குத் தெரியும், அது நல்லதுக்கில்ல.

மறுநாளு காலையில கதவத் தொறந்தா புல்லெல்லாம் வெள்ளை. உப்ப வாரிக் கொட்டுன மாதிரி. நான் ஓடுனேன். இவரு எனக்கு முன்னாடியே வந்து நின்னுக்கிட்டிருந்தாரு. என் செடி மேல வெள்ளை, அவ செடி மேலயும் வெள்ளை. இலை ஓரமெல்லாம் சீனி தடவுன மாதிரி. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அவளும் வந்துட்டா, போர்வையப் போத்திக்கிட்டு. எனக்கு மனசுக்குள்ள ஒரு நிம்மதி கூட. அவ படிச்ச படிப்புக்கும் வெள்ளை, என் பல்புக்கும் வெள்ளை. பனிக்கு ஆளு தெரியாதுன்னு நினைச்சேன்.

வெயிலு ஏறுச்சு. பனி எறங்குறது பெருசில்ல தம்பி, வெயிலு பட்டு அது உருகுறப்பத்தான் செடியோட கதி தெரியும். முதல்ல என் பக்கத்துல இலை பளபளன்னு ஈரமாச்சு. அப்புறம் தொங்குச்சு. ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, அப்படியே வரிசையா தலையக் கவுத்துச்சு. தொட்டா வெந்த கீரை. மத்தியானத்துக்குள்ள கறுத்துப் போச்சு. என் இடுப்புக்கு மேல நின்னது, மொத்தமும், கறுப்பு.

அவ பக்கம்? ஓரத்துல ரெண்டு வரிசை இலை நுனி கருகியிருந்துச்சு. மத்ததெல்லாம் வெயிலு பட்டதும் தண்ணியச் சொட்டிட்டு நிமிந்து நின்னுச்சு. குட்டைப் பயலுக. ஒண்ணும் நடக்காத மாதிரி.

நான் மண்ணுல உக்காந்துட்டேன். அழல. அழுதேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கண்ணுல வெயிலு பட்டுச்சு. மேகலா படுதாவ விலக்கிட்டு என் பக்கம் வந்தா. இப்ப சொல்லுவா, நான் அப்பவே சொன்னேன்லக்கான்னு, அப்படின்னு காத்துக்கிட்டிருந்தேன். சொல்லியிருந்தா ஒரு அறை விட்டிருப்பேன். அவ சொல்லல. என் பக்கத்துல குனிஞ்சு, செத்த செடிய வேரோட பிடுங்க ஆரம்பிச்சா. நாளை வரைக்கும் கிடந்தா பூஞ்சை பிடிச்சுரும்க்கான்னா. அதுதான் எனக்கு ரொம்பக் கோவம்.

அன்னைக்கு எங்க ஊருல உருளைக் கிழங்கு, பீன்ஸு, எல்லாம் போச்சு. கண்ணுக்கெட்டுன வரைக்கும் காடெல்லாம் தீ வச்ச மாதிரி. நின்னது அவ பாதி மட்டும்தான். சும்மா இருக்குமா ஊரு? கறுப்புத் துணி கட்டி என்னமோ பண்ணிட்டா, பனிய ஊரு மேல ஏவிவிட்டுட்டு அவ செடியக் காப்பாத்திக்கிட்டான்னு பேச்சு கெளம்பிருச்சு. செடி செத்துரும்னு முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னாளாமேன்னு பேச்சு. யாரு கெளப்புனாங்களோ தெரியாது. ஊரு வாய மூட உலைமூடியா இருக்கு?

மேகலா என்கிட்டக் கேட்டா, "இது எங்கருந்துக்கா கெளம்புச்சு?" எனக்குத் தோணுனதச் சொன்னேன், கோவிந்தராசு பொண்டாட்டியாத்தான் இருக்கும், அவளுக்கு நாக்கு நீளம்னு. மேகலா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. என் முகத்துல என்ன இருந்துச்சோ.

ஊர்க் கூட்டம் போட்டாங்க. சாவடி முன்னாடி, காலையில. கோவிந்தராசுதான் பேசுனாரு. அவரு சத்தமாப் பேசமாட்டாரு, வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி பேசுவாரு. அந்தத் துணியக் கழட்டி எல்லாருக்கும் முன்னாடி எரிக்கணும். கோவிலுக்குப் பரிகாரம் பண்ணணும். அந்தப் பொண்ணு ஆத்தா வீட்டுக்குப் போயி இருந்துக்கட்டும். நிலத்த மூத்தவன் பாலுச்சாமி பாத்துக்கட்டும், பின்னால நல்ல ஆளு வந்தா வித்துக் காசக் குடுத்துரலாம். இப்படி.

என்னைத் திரும்பிப் பாத்தாரு. "தங்கப்பொண்ணு, பாதிக்கப்பட்டவ நீதான். நீ சொல்லு, சரிதானே?"

இப்ப நீங்க யோசிச்சுப் பாருங்க தம்பி. எத்தனை நாளா நான் கேட்டுக்கிட்டிருந்தது. பாதி நிலம். நான் ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும், என் கைக்கு வந்துரும். இவரு பக்கத்துல நின்னாரு, தரையப் பாத்துக்கிட்டு. மேகலா ஓரமா நின்னா. அவ அழல, கும்பிடல, யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. எல்லாருக்கும் சேத்து ஒரே தடவை சொன்னா, செடிக்கு ராத்திரின்னு ஒண்ணு வேணும், அதுக்குத்தான் துணி, வேற ஒண்ணும் இல்லன்னு. அதுக்குக் கோவிந்தராசு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "ராத்திரிக்குத் துணி கட்டுற வேலையெல்லாம் புருசன் இல்லாத பொண்ணுக்கு எதுக்கு?"

நாலு பேரு கூடச் சிரிச்சாங்க.

எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. அவ மேல பாசம் வந்துருச்சுன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுச் சண்டை எங்க வீட்டோட. என் கொழுந்தன் பொண்டாட்டிய நான் என்ன வேணாலும் சொல்லுவேன். அடுத்தவன் எப்படிச் சொல்லலாம்? அதுதான். வேற ஒண்ணும் இல்ல.

"நிறுத்துங்க"ன்னேன். "எனக்குச் செய்வினை வைக்கிறவ, என்கிட்ட வந்து லைட்ட அணைங்கக்கா, அணைங்கக்கான்னு எதுக்குத் தலையத் தலைய அடிச்சுக்கிட்டுச் சொன்னா? கேக்காதவ நான். என் செடியக் கொன்னது அவ துணி இல்ல. என் பல்பு. உங்க கிழங்கக் கொன்னது பனி. அது வருசா வருசம் வருது, அதுக்கு அவ என்ன அத்தை மகளா?"

அது பேச்சுவாக்குல வந்துருச்சு தம்பி, என் பல்புன்னு. கோவத்துல நாலு வார்த்தை முன்னப் பின்ன வரும். அதையே பிடிச்சுக்கிட்டு மேகலா இன்னைக்கு வரைக்கும்... சரி, அத விடுங்க.

கோவிந்தராசு விடல. துணிய அவுக்கலன்னா உங்க வீட்டோட யாரும் புழங்கமாட்டாங்க, யோசிச்சுக்கன்னாரு. பால் ஊத்த முடியாது, தண்ணி முறை கிடையாது. எனக்கு இன்னும் ஏறுச்சு. அவ பாதிக்கு மட்டும் எதுக்கு, நாளையிலருந்து என் பாதிக்கும் சுத்திக் கறுப்புக் கட்டுறேன், ரோட்டுலருந்து பாத்தாலே தெரியுற மாதிரி கட்டுறேன், என்னையும் சேத்துத் தள்ளி வையுங்கன்னேன். சொல்லிட்டு எனக்கே திக்குன்னு இருந்துச்சு.

அப்பத்தான் இவரு வாயத் தொறந்தாரு. கூட்டமே திரும்பிப் பாத்துச்சு, அவரு குரல எத்தனை பேரு கேட்டிருக்காங்களோ. நிதானமா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "பத்து மணி பஸ்ஸுக்கு வத்தலக்குண்டு போறேன். துணி எத்தனை மீட்டர் வேணும் மேகலா?"ன்னாரு.

அவ சொன்னா. அவரு போனாரு. அவ்வளவுதான் கூட்டம்.

கொஞ்ச நாளு புழங்கல, உண்மைதான். பால நான் அடுத்த ஊருக்கு நடந்து போயி ஊத்துனேன். வழியில பாக்குறவங்ககிட்ட எல்லாம் நானா நின்னு பேசுனேன், ஓடி ஒளியுற ஆளா நான்? பூண்டு ஆயுற எடத்துக்கும் போனேன். கூப்பிடாமலே போயி நடுவுல உக்காந்தேன். எவளும் எந்திரிச்சுப் போகல. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? மாசி மாசத்துல ஒருத்தன் சந்து வழியா வந்து, அக்கா, அந்தப் படுதா எந்தக் கடையில வாங்குனீங்கன்னு மெதுவாக் கேட்டான். அடுத்த வாரம் இன்னொருத்தன். நான் கடை பேர உரக்கச் சொன்னேன், ரோட்டுக்குக் கேக்குற மாதிரி.

ஆனா மேகலா பெட்டி கட்டிட்டா. கூட்டத்துக்கு மூணாம் நாளே. நான் போகச் சொன்னப்பல்லாம் போகாம இப்பப் போகணும்னு தோணியிருக்கு அவளுக்கு, அந்தப் புத்தியப் பாருங்க. பெரியகுளத்துல ஒரு காலேஜுல வேலை இருக்காம். "போதும்கா. உங்களுக்கும் என்னால கஷ்டம். நிலத்த நீங்களே வச்சுக்குங்க"ன்னா. சும்மாவே குடுக்குறேன்கிறா.

நான் கெஞ்சல தம்பி. எனக்கு யார்கிட்டயும் கெஞ்சிப் பழக்கமில்ல. நான் கேட்டேன், என் பாதி வெறுந்தரையாக் கிடக்கே, அதுக்கு நாத்து யாரு தருவா? உன் செடிலருந்து கொழுந்து கிள்ளி, வேர் பிடிக்க வச்சுக் குடுத்துட்டுப் போன்னேன். நியாயம்தானே? அவ பெட்டியக் கீழ வச்சுட்டு நாத்துக் கிள்ளுனா. வேர் பிடிச்சுச்சு. வேர் பிடிச்ச நாத்த எனக்கு நடத் தெரியாது, நீதான் நடணும்னேன். நான் இருபது வருசமா நடுறவதான், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நட்டா. நட்டப்புறம் நுனி கிள்ளணும். அப்புறம் சாயங்காலம் தாளச் சுருட்டிக் குளிர் காட்டணும், எந்த நேரத்துக்குச் சுருட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் படிச்சவளா? அதெல்லாம் முடிஞ்சா மொக்கு வரும், பக்க மொக்க ஒடிக்கணும். பூ வெட்டுனா அடுத்த நாத்து.

ராத்திரிக்கு இப்ப அவ எங்க வீட்டுலதான் சாப்பிடுறா. தனியா ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுறது விறகுக்குக் கேடு, அதனால. அவளுக்கு என் ரசம் பிடிக்காது, எனக்கு அவ மூஞ்சி பிடிக்காது. இவரு நடுவுல உக்காந்து சாப்பிடுவாரு. நேத்துக் கூட சண்டை. நான் தாள சீக்கிரமே சுருட்டிட்டேனாம். வெயிலு தாழல, இப்பக் காட்டுனா எடுத்துக்காதுக்கான்னு சத்தம் போட்டா. நானும் போட்டேன். செடிக்கு மட்டும்தான் பொழுது தெரியுமா, எனக்குத் தெரியாதான்னேன். தெரியாதுன்னா. அவ பேச்சக் கேட்டீங்களா?

ஆமா, என் பல்பெல்லாம் கழட்டி மச்சுல போட்டுட்டேன். கரண்டு பில்லு ஏறிப் போச்சு, அதுக்காகத்தான். அவ சொன்னதுக்காக இல்ல. அந்தக் கடிகாரத்தை நான் இன்னைக்கு வரைக்கும் நம்பல.

டீ ஆறிப் போச்சு. வேற கொண்டாறச் சொல்லவா? வேண்டாமா?

அப்ப நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. அவ பங்கு அவ பேர்ல இருக்கு, எனக்கு எழுதித் தர்றேன்னு அன்னைக்குச் சொன்னா, நான் வாங்கல. வாங்கியிருந்தா அவளுக்கு இங்க என்ன வேலைன்னு ஆயிரும்ல, அப்புறம் என் நாத்த யாரு பாக்குறது? அவ பங்குக்குப் போகணும்னா என் பாதை வழியாத்தான் போகணும். அந்தப் பாதைய நான் ஒருத்தருக்கும் விடமாட்டேன். கோவிந்தராசுகிட்டப் போயி தாராளமாச் சொல்லுங்க, தங்கப்பொண்ணு சொன்னான்னே சொல்லுங்க. சாவடியில நின்னு இன்னொரு தடவை கேக்கணும்னாலும் கூப்பிடச் சொல்லுங்க, வர்றேன்.

மேகலாவப் பாத்துட்டுத்தான் போவேன்னா இருங்க, உங்க இஷ்டம். அவகிட்டயே கேளுங்க, போறியாம்மான்னு. போறேன்னுதான் சொல்லுவா. எப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்றா, இந்த வேலை முடிஞ்சதும் போயிருவேன்னு.

எப்ப முடியும்னு என்னைக் கேக்குறீங்களா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் முடியாது தம்பி.